கை தூக்கினால் போதுமா?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்களில் சிலருக்கு நான் சொல்ல வேண்டிய ஒன்று கடைசியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம். முகநூலில் எதையோ எழுதியதற்காக ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன செய்தியை என் மகள் போட்டிருந்தாள். எந்த ஊர், எந்தக் கட்சி ஆட்சி என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் கீழே கட்சிச் சண்டைதான் நடக்கும்.

அதற்கு என் தம்பி மகன் எழுதினான்: "பெரியப்பா, ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த கவர்ன்மென்ட். அஞ்சு வருஷத்துக்கு அவங்க வச்சதுதான் சட்டம். பிடிக்கலன்னா அடுத்த எலெக்‌ஷன்ல மாத்திக்கோங்க. நீங்க கிளாஸ்ல சொல்லிக்கொடுத்த டெமாக்ரசி இதுதானே?"

உடனே நாலைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். அவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அதனால் "நீங்க சொல்லிக்கொடுத்த" என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

யோசித்துப் பார்த்தால், அவன் பொய் சொல்லவில்லை. 33 வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். "மக்களாட்சி என்றால் என்ன?" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சி என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன். நியாயமாக ஒரு மதிப்பெண்தான் போட்டிருக்க வேண்டும். விடையில் பாதிதான் அது.

மீதிப் பாதி என்ன? ஆட்சிக்கு வந்தவர் எதைச் செய்யக் கூடாது என்பது. யார் ஆளலாம் என்று ஓட்டு சொல்கிறது. ஆள வந்தவர் ஒரு தனி மனிதனை எதுவரை தொடலாம் என்று அது சொல்வதில்லை. அதற்குத் தனியாக ஒரு வேலி வேண்டும். அந்த வேலி இல்லாவிட்டால் ஓட்டுப் பெட்டிக்குள்ளிருந்தே ஒரு ராஜா எழுந்து வந்துவிடுவார். இது என் கற்பனை இல்லை. நானே பார்த்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1971 மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 518 இடங்களில் 352-ஐ வென்றது. ஓட்டுக் கணக்கில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 44. 1984-இல் ராஜீவ் காந்தி காலத்தில் 400 இடங்களுக்கு மேல் வந்தபோதும் ஓட்டு 50 சதவீதத்தைத் தொடவில்லை. மத்தியில் ஆட்சி அமைத்த எந்தக் கட்சியும் தனியாக அந்த எண்ணைத் தொட்டதில்லை. அதனால் அந்த ஆட்சிகள் செல்லாது என்று நான் சொல்லவில்லை. நம் தேர்தல் முறை அப்படி. ஆனால் "ஜனங்க மொத்தமும் எங்க பக்கம்" என்று யாரும் மார்தட்ட முடியாது.

352 என்ற எண்ணை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய இடம் தரும் அரசியலமைப்புப் பிரிவின் எண்ணும் 352-தான். 352 இடம் வென்றவர் 352-வது பிரிவைக் கையில் எடுத்தார் என்று சொன்னால் பரீட்சையில் மறக்காது.

1975 ஜூன் 12-ஆம் தேதி, ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அப்போது எனக்கு 21 வயது. பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது. ஆபீஸில் ஆள் நேரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். கடைகளில் விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். அப்பா சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டார். "இப்பதான்டா நாடு நாடா இருக்கு" என்பார். நானும் தலையாட்டினேன். டீக்கடையில் யாராவது அரசியல் ஆரம்பித்தால், "வாய மூடுப்பா, மிசால போட்டுருவான்" என்று பெரியவர்கள் அடக்குவார்கள். அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் எடுத்துக்கொண்டோம்.

எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் மற்றவர்கள் வீட்டில். நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் விசாரணையில்லாமல் சிறையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை ஓரளவு மூச்சு விட முடிந்தது. அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். அதோடு இங்கேயும் கைது ஆரம்பித்தது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் இதையெல்லாம் விசாரித்தது. ஆனால் நடந்த சமயத்தில் பத்திரிகையில் எதுவும் வரவில்லை. தணிக்கை. பேப்பரில் வராததால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்றே எங்கள் ஊர் நம்பியது.

தம்பி மகனே, இங்கே கொஞ்சம் கவனி. இதெல்லாம் ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கம் செய்தது. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். பாராளுமன்றம் ஒப்புதல் தந்தது. எல்லாம் முறைப்படி. "அடுத்த எலெக்‌ஷன்ல மாத்திக்கோங்க" என்கிறாயே, அந்த மக்களவையின் காலம் 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். அவர்களே சட்டம் போட்டு ஒரு வருடம் நீட்டிக்கொண்டார்கள். பிறகு மறுபடியும் நீட்டினார்கள். வேலி விழுந்தால் அடுத்து விழுவது ஓட்டுதான்.

சிறையில் இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "எங்களை எதற்காகப் பிடித்தார்கள் என்றாவது கேளுங்கள்" என்றார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கேட்கலாம் என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞரிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்காவது கோர்ட்டுக்கு வரலாமா? நெருக்கடி நிலை இருக்கும்வரை வர முடியாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசு சொல்வது சரி என்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் சரியில்லை என்று எழுதினார். 1977 ஜனவரியில் முறைப்படி அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

நான்குக்கு ஒன்று. பெரும்பான்மை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் சரி எது? அந்த நான்கு பேரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று தூக்கி எறியப்பட்டது. அப்படி எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். சரியானது சரி என்று ஆக 41 வருடம் ஆயிற்று. சிறையில் இருந்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. வட இந்தியா காங்கிரஸைத் துடைத்து எறிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த கொடுமை அங்கே வீட்டு வாசல் வரை வந்திருந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் கூட்டணிதான் பெருவாரியாக ஜெயித்தது. என் முதல் ஓட்டும் அதற்குத்தான். வெட்கத்தோடு சொல்கிறேன். நம்மைத் தொடாதவரை நமக்கு வலிக்கவில்லை.

1978-இல் 44-வது திருத்தம் வந்தது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள 21-வது பிரிவை இனி நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று ஆனது. வேலியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்கள்.

இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று இதில் கிடையாது. 2002-இல் பொடா சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த கூட்டணியில் வைகோவின் கட்சியும் இருந்தது. அதே வருடம் ஜூலையில் அதே சட்டத்தில் இங்கே கைதானவர் வைகோ. ஒரு கூட்டத்தில் பேசியதற்காக ஒன்றரை வருடத்துக்கு மேல் சிறை. நம் ஆள் கையில் இருக்கிறது என்று கூர் தீட்டிக் கொடுக்கும் கத்தி, அடுத்த தேர்தலில் கை மாறும். கத்திக்குக் கட்சி தெரியாது. முகநூலில் எழுதினால் பிடிக்க வழி செய்த 66-ஏ பிரிவும் பாராளுமன்றம் போட்ட சட்டம்தான். 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி. உன்னைவிடச் சின்னப் பெண்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1985-இல் கேரளாவில் மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள். தினமும் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள்; பாட மாட்டார்கள். அவர்கள் மதம் அப்படி. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டது. சட்டசபையில் பேச்சானது. பள்ளியை விட்டு நீக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது, தலைமையாசிரியை நீக்கினார். நம் ஊரில் அன்று கை தூக்கச் சொல்லியிருந்தால் நூற்றுக்கு 99 பேர் "நீக்கியது சரி" என்றுதான் தூக்கியிருப்போம். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எண்ணிக்கையில் ஒன்றுமே இல்லாத ஒரு சிறு கூட்டமும் தன் இடத்தைக் கண்டுகொள்ள முடிகிறதா என்பதுதான் உண்மையான மக்களாட்சிக்குச் சோதனை என்ற பொருளில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் எழுதினார்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் ஏழு வருட அனுபவம் உள்ள குடிமையியல் வாத்தியார். படிக்கவில்லை. படித்திருந்தால் அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் செய்ததைச் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னது இதைத்தான்.

1988. ஒன்பதாம் வகுப்பு. 42 பிள்ளைகள். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூருக்கு ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தேன். ஆளுக்குப் பத்து ரூபாய். வகுப்புத் தலைவன் வசூலித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்த 340 ரூபாயைக் காணவில்லை. பிள்ளைகள் ஒருவனைக் கை காட்டினார்கள். அவன் விடுதியில் தங்கிப் படித்தவன். எந்த விடுதி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் அவனைக் கை காட்டினார்கள் என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

அவன் எடுக்கவில்லை என்றான். பையைக் கொட்டிக் காட்டினான். ஒன்றும் இல்லை. "அவன் வந்தா நாங்க வரல சார்" என்றார்கள் சிலர். அந்த வாரம்தான் மக்களாட்சி பாடம் நடத்தியிருந்தேன். எனக்கு ஒரு "நல்ல யோசனை" தோன்றியது. "சரி, ஜனநாயக முறைப்படி முடிவு பண்ணலாம். அவன் வர வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். அவனை விட்டால் 41 பேர். 36 கைகள் உயர்ந்தன.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், அவன் எடுத்ததை யாரும் பாக்கலையே சார்" என்றாள். "ஓட்டெடுத்தாச்சும்மா, உட்காரு" என்று சொன்னேன். அவளும் உட்கார்ந்தாள்.

சுற்றுலா போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம்மிடம் தேர்தல் இருந்தது என்று பெருமையாகச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது. பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, யார் வரவே கூடாது என்பதுதான் அதில் விரிவாக இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவன் உறவுக்காரனும் வரக் கூடாது, கடந்த மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவன் வரக் கூடாது. பதவி 360 நாள்தான். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பதவிக்கு முதலில் வேலி கட்ட வேண்டும் என்று. அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த வீடும் வேத சாத்திரப் படிப்பும் இருந்தால்தான் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விடுதிப் பையன் மாதிரி ஆட்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. 1988-இலும் அதைத்தான் செய்தேன். குடத்துக்குப் பதில் கை தூக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து 340 ரூபாய் கிடைத்தது. வகுப்புத் தலைவன் வீட்டில், அவனுடைய அட்லஸ் புத்தகத்துக்குள். பத்திரமாக இருக்கட்டும் என்று அவனே வைத்து மறந்திருக்கிறான். வகுப்பில், "பணம் கிடைச்சிருச்சு, பாடத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் பையனிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்ற எண்ணம்.

இன்று அவன் அரசுப் பணியில் இருக்கிறான். வருடா வருடம் ஆசிரியர் தினத்தன்று எனக்கு வாழ்த்து அனுப்புகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தம்பி மகன் கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை. போன் பண்ணினேன். 'சார்' என்று வாயாரக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "அன்னைக்கு ஹாஸ்டல்லயேதான் சார் இருந்தேன். ஏன்டா போகலன்னு வார்டன் கேட்டாரு. காய்ச்சல்னு சொல்லிட்டேன் சார்."

அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றான்.

அன்று கை தூக்கிய 36 பேரில் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்களுக்கு 14 வயது. கை தூக்கச் சொன்னவன் நான். தப்பு செய்தானா என்பது கை தூக்கி முடிவு செய்கிற விஷயம் இல்லை. சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும். இதை 42 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பை நான் கெடுத்தேன்.

ஆகவே தம்பி மகனே, உன் கேள்விக்குப் பதில். ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கத்துக்கு வரி போட உரிமை உண்டு, சட்டம் போட உரிமை உண்டு, திட்டம் தீட்ட உரிமை உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். அதுவரை நீ சொன்னது சரி. ஆனால் ஒருவனைப் பிடித்தால் ஏன் பிடித்தோம் என்று சொல்லியாக வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது 22-வது பிரிவு. தடுப்புக்காவல் சட்டங்களுக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சட்டங்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பயம். அந்த இளைஞன் எழுதியது எனக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காதவனுக்குக் கிடைக்காத உரிமை நாளைக்கு உனக்கும் கிடைக்காது.

1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் உரிமையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று. தலைவர்களைக் கும்பிடும் வழக்கம் நமக்கு ஜாஸ்தி. அந்தப் பேச்சு இணையத்தில் கிடைக்கிறது, ஒருமுறை படித்துவிடுங்கள்.

உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், போலீசில் இருக்கிறீர்கள், தாலுகா ஆபீஸில் இருக்கிறீர்கள், வீட்டில் பிள்ளை வளர்க்கிறீர்கள். எல்லோர் கையிலும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. "எல்லாரும் சொல்றாங்க சார்" என்று உங்கள் முன்னால் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, யார் பார்த்தது என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள்.

ஒரு உதவி வேண்டும். மூன்றாவது பெஞ்சில் எழுந்து நின்ற அந்தப் பெண் இந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாணமாகி வெளியூர் போய்விட்டதாகக் கேள்வி. 88-ஆம் வருடத்து ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் யாருக்காவது தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். "உட்காரு" என்று சொன்னதற்கு சார் வருத்தப்படுகிறார் என்று சொல்லுங்கள்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்கள் தாராளமாக எழுதலாம். ஒருவரையொருவர் திட்ட மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்